மூலிகைச் சாறுகளும் தடுப்பூசியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தடுப்பூசி போட்டுக்கொள்ளப் போகிறவர்கள், போட்டு வந்தவர்கள், வீட்டில் வயதானவர்களைக் கவனித்துக்கொள்பவர்கள் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். இந்தக் கஷாயம் குடித்தால் ஊசி நன்றாக வேலை செய்யுமா? இந்த மாத்திரை அதைக் கெடுத்துவிடுமா? எதிர்ப்பு சக்தி ஏற எதைச் சாப்பிடலாம்? இவற்றுக்குத் தெரிந்தவரை நேராகப் பதில் சொல்லும் முயற்சி இது.

மூலிகைச் சாறு நோயெதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்பது உண்மையா?

கேள்வியை இப்படியே வைத்துக்கொண்டால் நேர்மையான பதில் கிடைக்காது. நோயெதிர்ப்பு என்பது ஒரே அளவாகக் கூட்டவும் குறைக்கவும் கூடிய ஒன்றல்ல. பல வகை அணுக்கள் அதில் வேலை செய்கின்றன. சில அணுக்கள் சுறுசுறுப்பானால் நன்மை. வேறு சில அளவுக்கு மீறிச் சுறுசுறுப்பானால் ஆஸ்துமா, ஒவ்வாமை, முடக்குவாதம் என்று போய் முடியும். கொரோனா காலத்தில் பலருடைய நுரையீரலைக் கெடுத்தது வைரஸ் மட்டுமல்ல, அடங்காமல் பொங்கிய எதிர்ப்பும்தான். அதனால்தான் எதிர்ப்பை அடக்கும் டெக்சாமெத்தசோன், ஆக்சிஜன் தேவைப்படும் நிலைக்குப் போனவர்களின் உயிரைக் காத்தது.

ஆகவே கேள்வியை உடைத்துக் கேட்க வேண்டும். எந்தச் செடி? வேரா, இலையா, தண்டா? நீரில் எடுத்ததா, சாராயத்தில் எடுத்ததா? எவ்வளவு? எந்த அணுவில் மாற்றம் வந்தது? கூடியதா, குறைந்ததா? கடைசியாக, அதனால் யாருக்காவது நோய் குறைந்ததா?

ஒரே பாட்டிலில் ‘எதிர்ப்பு சக்தியைத் தூண்டும்’ என்றும் ‘அழற்சியைத் தணிக்கும்’ என்றும் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழற்சி என்பதே எதிர்ப்பு மண்டலத்தின் முதல் வேலை. ஒரு சாறு ஓர் அளவில் தூண்டி, இன்னோர் அளவில் தணிக்கலாம். அது நடக்கக்கூடியதுதான். ஆனால் எந்த அளவில் எது நடக்கிறது என்று சொல்லாதவரை அந்த இரண்டு வரிகளும் உங்களுக்குப் பயன்படாது.

தடுப்பூசி உடலில் என்ன செய்கிறது? செடியின் பொருள் அதில் எங்கே நுழைய முடியும்?

ஊசி போட்ட இடத்தில் முதலில் விழித்துக்கொள்பவை பிறவியிலேயே உள்ள காவல் அணுக்கள்: மேக்ரோபேஜ், டென்ட்ரிடிக் அணு போன்றவை. இவை கிருமியின் பாகத்தை, அதாவது ஆன்டிஜெனை, விழுங்கி அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோய் டி அணுக்கள் என்ற வெள்ளையணுக்களிடம் காட்டுகின்றன. டி அணுக்கள் பி அணுக்களுக்கு உதவ, பி அணுக்கள் பெருகி, கிருமியைப் பிடித்து முடக்கும் ஆன்டிபாடிகளைச் செய்கின்றன. சில பி, டி அணுக்கள் நினைவு அணுக்களாகத் தங்கிவிடுகின்றன. பெரும்பாலான தடுப்பூசிகளில் ஆன்டிபாடி அளவு உச்சத்துக்குப் போக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும்.

இதில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது முதல் கட்டம். காவல் அணுக்கள் ‘இது ஆபத்து’ என்று உணராவிட்டால், ஆன்டிஜென் அங்கே இருந்தும் பெரிதாக ஒன்றும் நடக்காது. சுத்தமாகப் பிரித்தெடுத்த புரதத்தை மட்டும் ஊசியில் போட்டால் எதிர்வினை மந்தமாக இருப்பது இதனால்தான். அந்த ஆபத்து உணர்வைக் கொடுக்க உடன் சேர்க்கும் பொருளுக்கு அட்ஜுவன்ட் என்று பெயர். செடிகளின் கதை இந்த இடத்தில்தான் சுவாரசியமாகிறது.

செடியிலிருந்து எடுத்த ஏதாவது ஒரு பொருள் தடுப்பூசியின் பலனைக் கூட்டியதாக உறுதியான சான்று உண்டா?

உண்டு. தென் அமெரிக்காவில், சிலி நாட்டில் வளரும் குயில்லஜா சப்போனாரியா என்ற மரத்தின் பட்டை. தண்ணீரில் போட்டுக் கலக்கினால் சோப்பைப் போல நுரைக்கும். நுரைக்கக் காரணம் சப்போனின் என்ற வேதிப்பொருள் குடும்பம்.

அட்ஜுவன்ட் தேடலின் தொடக்கமே சமையலறைப் பொருட்களோடுதான். பிரான்சில் காஸ்தோன் ராமோன் என்ற கால்நடை மருத்துவர், தொண்டை அடைப்பான் நோய்க்கு எதிரான மருந்தைக் குதிரைகளின் ரத்தத்திலிருந்து தயாரித்துக்கொண்டிருந்தார். ஊசி போட்ட இடத்தில் வீங்கிச் சீழ் வைத்த குதிரைகளிடம் எதிர்நச்சு அதிகமாக இருப்பதைக் கவனித்தார். 1925 வாக்கில் மரவள்ளி மாவு, ரொட்டித்தூள் போன்றவற்றை வேண்டுமென்றே ஊசியில் சேர்த்துப் பார்த்தார். பலன் கூடியது. அடுத்த ஆண்டே லண்டனில் அலெக்சாண்டர் கிளென்னி அலுமினிய உப்பைச் சேர்த்துக் காட்டினார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் அலுமினியத்தின் ஆட்சிதான். சப்போனின் கால்நடைத் தடுப்பூசிகளில், குறிப்பாகக் கோமாரி நோய்க்கான ஊசியில், தங்கிவிட்டது. மனிதர்களுக்குக் கொடுக்க முடியாததற்கு ஒரு தடை இருந்தது: கச்சாப் பட்டைச்சாறு சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

பட்டைச்சாற்றை நுட்பமாகக் கூறு பிரித்தபோது, 21ஆம் கூறில் வந்த சப்போனின் வீரியமும் ஓரளவு பாதுகாப்பும் கொண்டதாக இருந்தது. அதனால் அதற்குக் கியூஎஸ்-21 என்றே பெயர். அதையும் அப்படியே கொடுப்பதில்லை. கொலஸ்ட்ரால் கலந்த நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் அடைத்துக் கொடுக்கிறார்கள். சப்போனின் கொலஸ்ட்ராலோடு ஒட்டிக்கொள்வதால் நம் அணுக்களின் சவ்வைத் துளைக்கும் வேகம் அடங்கிவிடுகிறது.

அக்கி அம்மைக்கான ஷிங்ரிக்ஸ் தடுப்பூசியில் ஒரு டோஸுக்கு இருப்பது 50 மைக்ரோகிராம் கியூஎஸ்-21. ஒரு மில்லிகிராமில் இருபதில் ஒரு பங்கு. கூடவே பாக்டீரியாவிலிருந்து எடுத்த எம்பிஎல் என்ற இன்னொரு பொருளும் உண்டு. 50 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்து 2015இல் வெளியான பெரிய ஆய்வில் இந்தத் தடுப்பூசி 97.2 சதவீதம் பாதுகாப்புக் கொடுத்தது. 70 வயதைத் தாண்டியவர்களிடமும் 90 சதவீதத்தை ஒட்டியே நின்றது. அதற்கு முன்பு புழக்கத்தில் இருந்த உயிருள்ள வைரஸ் தடுப்பூசி, 60 வயதைத் தாண்டியவர்களிடம் 51 சதவீதம்தான் கொடுத்தது. இரண்டும் வேறு வேறு வகைத் தடுப்பூசிகள் என்பதால் வித்தியாசம் முழுவதையும் மரப்பட்டையின் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் வயதானவர்களின் தளர்ந்த எதிர்ப்பு மண்டலத்தை இந்த அளவுக்கு எழுப்பியதில் அட்ஜுவன்ட்டின் பங்கு பெரியது.

மலேரியாவுக்கான ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசியிலும் இதே கியூஎஸ்-21தான். உலக சுகாதார நிறுவனம் 2021இல் அதைப் பரிந்துரைத்தது. 2023இல் பரிந்துரைக்கப்பட்ட ஆர்21 மலேரியா தடுப்பூசியிலும் நோவாவாக்ஸ் நிறுவனத்தின் கொரோனா தடுப்பூசியிலும் மேட்ரிக்ஸ்-எம் என்ற அட்ஜுவன்ட் இருக்கிறது. அதுவும் குயில்லஜா சப்போனின்தான். குழந்தைகளை மலேரியாவிலிருந்து காக்கும் ஊசிக்குள் ஒரு மரத்தின் பட்டை இருக்கிறது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை. மரத்தையே நம்பியிருக்க வேண்டாம் என்பதற்காக, 2024இல் ஆராய்ச்சியாளர்கள் ஈஸ்டுக்குள்ளேயே இந்த மூலக்கூறு முழுவதையும் உருவாக்கிக் காட்டியிருக்கிறார்கள்.

சப்போனின் நமக்குத் தெரிந்த பல மூலிகைகளிலும் இருக்கிறதே. அவற்றைக் குடித்தால் அதே பலன் வராதா?

வராது. மூன்று காரணங்கள்.

சப்போனின் என்பது ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் கொண்ட குடும்பம். அவற்றில் அட்ஜுவன்ட் வேலை செய்பவை சிலவே. குயில்லஜாவின் பட்டையிலேயே பல சப்போனின்கள் உண்டு, அவற்றின் வீரியமும் நச்சுத்தன்மையும் ஒன்றுபோல் இல்லை.

அடுத்தது இடம். அட்ஜுவன்ட் வேலை செய்ய வேண்டுமென்றால் ஆன்டிஜெனோடு சேர்ந்து, அதே தசையில், அதே நேரத்தில், அதே நிணநீர் முடிச்சுக்குப் போக வேண்டும். வாய்வழியாகப் போகும் சப்போனின் பெரும்பாலும் குடலிலேயே பாக்டீரியாக்களால் உடைக்கப்படுகிறது. ரத்தத்தில் முழுதாகச் சேர்வது மிகக் குறைவு. அப்படிச் சேராமல் இருப்பதும் நல்லதுதான், சேர்ந்தால் சிவப்பணுக்களுக்குத்தான் முதல் அடி.

மூன்றாவது, அளவும் தூய்மையும். 50 மைக்ரோகிராம் என்று எடை போட்டு, கொழுப்புக் குமிழிக்குள் வைத்து, ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்த ஒன்றையும், ஒரு டம்ளர் கஷாயத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது.

‘வெள்ளையணுக்களைப் பெருக்குகிறது என்று ஆய்வில் நிரூபணம்’ என்கிறார்களே?

ஆய்வகத் தட்டில் வளர்த்த அணுக்கள் மேல் சாற்றை ஊற்றிப் பார்க்கும் சோதனை அது. தொடக்கமாக அது தேவை. ஆனால் அதிலிருந்து மனித உடலுக்குத் தாவுவதில் பெரிய பள்ளங்கள் உண்டு.

ராஜ்மா பயற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பைட்டோஹீமாக்ளுட்டினின் என்ற புரதம் இருக்கிறது. அது லிம்போசைட்டுகள் என்ற வகை வெள்ளையணுக்களை வெகுவேகமாகப் பெருக வைக்கும் என்று 1960இல் பீட்டர் நோவெல் கண்டுபிடித்தார். இன்றும் ஆய்வகங்களில் வெள்ளையணுக்களைப் பிரிய வைக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். தட்டில் பார்த்தால் இதைவிடப் பலமான ‘எதிர்ப்பு சக்தி ஊக்கி’ அரிது. அதே பொருள்தான் சரியாக வேகாத ராஜ்மாவைச் சாப்பிட்டவர்களைச் சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் படுக்க வைப்பது. அணுக்கள் பெருகின என்பது அந்தப் பொருளால் உங்களுக்கு நல்லது நடக்கும் என்று சொல்லவில்லை.

இரண்டாவது பள்ளம் அசுத்தம். செடிகளின் மேல் பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றின் மேலுறையில் உள்ள எண்டோடாக்சின் என்ற பொருளுக்குக் காவல் அணுக்கள் மிக மிகக் குறைந்த அளவிலேயே பதறி எழும். கொதிக்க வைத்தாலும் அது எளிதில் அழியாது. சாற்றில் எண்டோடாக்சின் இருக்கிறதா என்று பார்க்காமல் ‘மேக்ரோபேஜைத் தூண்டியது’ என்று எழுதிய ஆய்வில், தூண்டியது செடியா பாக்டீரியாவா என்பதைச் சொல்ல முடியாது. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஒரு மூலிகை ஆய்வைப் படிக்கும்போது முதலில் தேட வேண்டியதே இந்தச் சோதனையைத்தான்.

மூன்றாவது, செறிவு. தட்டில் ஊற்றும் செறிவு, வாய்வழியாக எடுத்த பிறகு ரத்தத்தில் எட்டக்கூடிய செறிவைவிடப் பல நேரங்களில் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு அதிகம்.

எலிகளிடம் ஆன்டிபாடி கூடியது என்றால்?

கொஞ்சம் மேல். வழக்கமான சோதனையில் எலிக்குச் செம்மறியாட்டின் சிவப்பணுக்களை ஊசியாகப் போட்டு, சாறு கொடுத்த எலியிடமும் கொடுக்காத எலியிடமும் ஆன்டிபாடியை அளக்கிறார்கள். பல மூலிகைகள் இதில் தேறியிருக்கின்றன. ஆனால் செம்மறியாட்டு ரத்தம் நோய்க்கிருமி அல்ல, உடல் எடைக்குக் கொடுக்கப்படும் சாற்றின் அளவும் மனிதர் யாரும் எடுக்க முடியாத அளவாக இருப்பதுண்டு. மனித ஆய்வுக்குப் போகலாமா என்று முடிவு செய்ய உதவும், அவ்வளவுதான்.

வாய்வழியாக எடுத்த மூலிகை, மனிதர்களிடம் தடுப்பூசியின் பலனைக் கூட்டியிருக்கிறதா?

நம்பிக்கை தரும் சில முடிவுகள் உண்டு. எதையும் பரிந்துரையாக மாற்றும் அளவுக்கு அவை வளரவில்லை.

அதிகம் பேசப்படுவது ஜின்செங் என்ற கிழக்காசிய வேர். இத்தாலியின் மிலான் நகரில் நடந்து 1996இல் வெளியான ஆய்வில் 227 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவு தினம் தரப்படுத்திய ஜின்செங் சாறு எடுத்தது, இன்னொரு பிரிவு மருந்தில்லாத போலி மாத்திரை. 12 வாரம். நான்காம் வாரத்தில் எல்லாருக்கும் ஃப்ளூ ஊசி. அதன் பிறகு சளி, ஃப்ளூ வந்தவர்கள் போலி மாத்திரைப் பிரிவில் 42 பேர், ஜின்செங் பிரிவில் 15 பேர். ஆன்டிபாடி அளவும் ஜின்செங் பிரிவில் கூடுதலாக இருந்தது. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை வேறு குழுக்கள், வேறு இடங்களில், பெரிய எண்ணிக்கையில் அதே சாற்றை வைத்துத் திரும்பக் காட்ட வேண்டும். மருத்துவத்தில் ஒரு நல்ல ஆய்வு என்பது கதவைத் திறப்பதுதான்.

லார்ச் மரத்தின் கட்டையிலிருந்து எடுக்கும் அரபினோகாலக்டன் என்ற சர்க்கரைச் சங்கிலி இன்னொன்று. 2010இல் வந்த ஆய்வில் 45 பேருக்கு, நிமோனியா தரும் ஒரு பாக்டீரியாவுக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசி போட்டு, ஏழு வகை ஆன்டிபாடிகளை அளந்தார்கள். இரண்டு வகைகள் கூடின. மற்றவற்றில் தெளிவான வித்தியாசம் இல்லை. இந்த இடத்தில் வாசகர் நின்று யோசிக்க வேண்டும். பல பொருள்களை அளந்தால் தற்செயலாகவே ஒன்றிரண்டு கூடித் தெரியலாம். விளம்பரம் அந்த இரண்டைத்தான் சொல்லும்.

எனக்குப் பிடித்த ஆய்வு மாத்திரையைப் பற்றியதே இல்லை. 65 முதல் 85 வயது வரை உள்ளவர்களில் ஒரு பிரிவினரை தினம் ஐந்து பங்கு காய்கறி, பழம் சாப்பிடச் சொன்னார்கள். மற்றவர்களை வழக்கம்போல இரண்டு பங்கு அல்லது அதற்கும் குறைவாகவே தொடரச் சொன்னார்கள். 16 வாரம். நடுவில் நிமோகாக்கல் ஊசி. அதிகம் சாப்பிட்டவர்களிடம் அந்த ஊசிக்கான ஆன்டிபாடி கூடுதலாக வந்தது. இதுவும் சிறிய ஆய்வுதான். ஆனால் இதைப் பின்பற்றுவதால் யாருக்கும் கல்லீரல் கெடப்போவதில்லை.

ஆன்டிபாடி கூடினாலே பாதுகாப்புக் கூடியது என்று அர்த்தமா?

எப்போதும் இல்லை. ஹெபடைடிஸ் பி ஊசிக்குப் பிறகு ஒரு மில்லிலிட்டரில் 10,000 மில்லி அலகு ஆன்டிபாடி இருப்பவருக்கும் 100 மில்லி அலகு இருப்பவருக்கும் பாதுகாப்பு உண்டு, ஏனென்றால் பாதுகாப்புக்கான வாசல் 10தான். வாசலைத் தாண்டிய ஒருவருக்குச் சாறு கொடுத்து இன்னும் கூட்டினால் அவருக்கு என்ன லாபம்? வாசலைத் தாண்ட முடியாமல் இருப்பவரைத் தாண்ட வைத்தால்தான் பலன். ஆய்வுகளில் பெரும்பாலும் சேர்க்கப்படுபவர்களோ ஆரோக்கியமான இளைஞர்கள்.

அழற்சியைக் குறைக்கும் மூலிகைகள் தடுப்பூசியைக் கெடுத்துவிடுமா?

கேட்க வேண்டிய கேள்வி இது, குறைவாகவே கேட்கப்படுகிறது. தடுப்பூசிக்கு முதல் கட்ட அழற்சி தேவை என்று பார்த்தோம். அதை அடக்கினால் என்ன ஆகும் என்பதற்கு மூலிகை அல்லாத ஓர் உதாரணம் இருக்கிறது. செக் நாட்டில் 459 கைக்குழந்தைகளை வைத்து நடந்து 2009இல் வெளியான ஆய்வில், காய்ச்சல் வரும் முன்பே தடுப்பாகப் பாராசிட்டமால் கொடுத்த பிரிவில் பல ஆன்டிஜென்களுக்கு ஆன்டிபாடி குறைவாக வந்தது. பெரும்பாலான குழந்தைகள் பாதுகாப்பு அளவை எட்டினார்கள் என்றாலும், வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. ஊசிக்கு முன்பே ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று காய்ச்சல் மருந்து கொடுக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். காய்ச்சல் வந்த பிறகு, குழந்தை தவிக்கும்போது கொடுப்பது வேறு விஷயம், அதைத் தடுக்க வேண்டியதில்லை.

மஞ்சளின் குர்குமினும் நிலவேம்பின் ஆண்ட்ரோகிராஃபோலைடும் ஆய்வகத்தில் என்எஃப்-கப்பா-பி என்ற அழற்சிச் சுவிட்சை அணைக்கின்றன. அட்ஜுவன்ட்டுகள் தட்டி எழுப்பும் பாதைகளில் அதுவும் ஒன்று. ஆகவே அடர்த்தியான சாற்று மாத்திரைகளை ஊசி போடும் நாளை ஒட்டிப் புதிதாகத் தொடங்குவதற்குக் காரணமே இல்லை. உணவில் சேரும் மஞ்சள் பற்றிக் கவலைப்பட வேண்டாம். குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. 1998இல் வந்த ஆய்வில் 2 கிராம் குர்குமினைத் தனியாக எடுத்தவர்களின் ரத்தத்தில் அது அளக்க முடியாத அளவிலோ மிகக் குறைந்த அளவிலோதான் இருந்தது. மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது உறிஞ்சுதல் 20 மடங்கு கூடியது. மாத்திரைகளில் பைப்பரின் சேர்ப்பது அதற்காகத்தான். அதே பைப்பரின் நீங்கள் எடுக்கும் வேறு மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடலாம் என்பதை லேபிளில் பெரிதாகப் போடுவதில்லை.

சீந்தில், அமுக்கரா எப்படி?

இரண்டிலும் எதிர்ப்பு அணுக்களோடு உறவாடும் பொருள்கள் இருப்பது உண்மை. சீந்தில் தண்டில் சர்க்கரைச் சங்கிலிகள், அமுக்கரா வேரில் வித்தனோலைடுகள். எலிகளிடம் ஆன்டிபாடியைக் கூட்டிய பதிவுகளும் உண்டு. ஆனால் ‘தடுப்பூசியின் பலன் கூடும்’ என்று சொல்லி விற்கும் இடத்துக்கு அந்தச் சான்று வரவில்லை.

சீந்தில் விஷயத்தில் எச்சரிக்கையும் வேண்டும். 2021இல் மும்பையைச் சேர்ந்த மருத்துவர்கள், சீந்தில் எடுத்த ஆறு பேருக்கு ஏற்பட்ட கல்லீரல் அழற்சியைப் பதிவு செய்தார்கள். உடலின் எதிர்ப்பு மண்டலமே கல்லீரலைத் தாக்கும் வகையை ஒத்தது அது. பிறகு பல மருத்துவமனைகள் சேர்ந்து வெளியிட்ட தொகுப்பில் 43 பேர். சீந்திலைப் போலவே தோன்றும் அதன் இனச்செடி கலந்திருக்கலாம் என்ற வாதமும் வைக்கப்பட்டது. அப்படியே வைத்துக்கொண்டாலும், வாங்குபவருக்கு எது எது என்று எப்படித் தெரியும்? தூண்டும் வலிமை ஒரு செடிக்கு உண்மையிலேயே இருக்குமானால், தூண்டக் கூடாத இடத்தில் தூண்டும் ஆபத்தும் அதனோடு வரும். இரண்டில் ஒன்றை மட்டும் நம்புவது சரியல்ல. அமுக்கராவாலும் அரிதாகக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. டென்மார்க் 2023இல் அதைத் தடை செய்தது.

வீட்டுக் கஷாயமும் கடையில் வாங்கும் எக்ஸ்ட்ராக்ட் மாத்திரையும் ஒன்றா?

இல்லை. தண்ணீரில் கொதிக்க வைத்தால் சர்க்கரைச் சங்கிலிகளும் டானின்களும் சப்போனின்களும் இறங்கும். சாராயத்தில் ஊறவைத்தால் வேறு வகைப் பொருள்கள். கஷாயத்தில் அளவு பொதுவாகக் குறைவு, மாத்திரையில் பல மடங்கு அடர்த்தி. பாட்டிகள் காலம் காலமாகக் குடித்ததைக் காட்டி மாத்திரையின் பாதுகாப்பைச் சொல்வது இந்த இடத்தில் பொருந்தாது.

செடி மாறிப்போவதும் உண்டு. பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில், உடல் இளைக்கக் கொடுத்த மாத்திரைகளில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா இனச்செடி ஒன்று தவறாகச் சேர்ந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. நம் ஆடுதீண்டாப்பாளையும் அதே இனம்தான்.

யார் இவற்றைத் தொடவே கூடாது?

உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் முதலில். அவர்களின் உயிரே எதிர்ப்பை அடக்கி வைப்பதில் இருக்கிறது. செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்ற ஐரோப்பிய மூலிகை எதிர்ப்பு மண்டலத்தைத் தொடாமலேயே கெடுதல் செய்தது: கல்லீரலின் நொதிகளை முடுக்கி, எதிர்ப்பை அடக்கும் மருந்தான சைக்ளோஸ்போரினை வேகமாக வெளியேற்றியது. அதனால் இதய மாற்று செய்துகொண்ட இரண்டு பேருக்கு உறுப்பு நிராகரிப்பு ஏற்பட்டதை 2000இல் சூரிச் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

லூபஸ், முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களும் ‘இம்யூனிட்டி பூஸ்டர்’ என்று பெயர் போட்ட எதையும் தவிர்ப்பது நல்லது. கர்ப்பிணிகள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் பூண்டு, கிங்கோ சாற்று மாத்திரைகளைப் பற்றி ஊசி போடுபவரிடம் முன்பே சொல்லிவிடலாம். ஊசி போட்ட இடத்தைச் சற்று நேரம் கூடுதலாக அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும்.

குழந்தைகளுக்கு?

சாற்று மாத்திரைகளும் அடர்த்தியான எண்ணெய்களும் வேண்டாம். வேப்பெண்ணெய் உள்ளுக்குக் கொடுக்கப்பட்ட கைக்குழந்தைகளுக்கு வாந்தி, வலிப்பு, மூளை பாதிப்பு வந்து உயிரே போன பதிவுகள் உண்டு. குழந்தையின் எதிர்ப்பு மண்டலத்துக்குத் தேவையானவை தாய்ப்பால், உணவு, தூக்கம், நேரத்துக்குப் போடும் தடுப்பூசிகள்.

மூலிகையை மட்டும் எடுத்துக்கொண்டு தடுப்பூசியை விட்டுவிடலாமா?

கூடாது. அம்மை வைரஸை அடையாளம் தெரிந்துகொண்ட நினைவு அணு, அம்மையின் ஆன்டிஜெனைக் கண்டால்தான் உருவாகும். எந்தச் செடியிலும் அது இல்லை.

செடிக்குள்ளேயே தடுப்பூசி தயாரிக்கிறார்களாமே?

ஆமாம், அது வேறு தொழில்நுட்பம். புகையிலை இனச்செடி ஒன்றின் இலைகளில் கொரோனா வைரஸ் போன்ற துகள்களை விளைவித்து எடுத்த கோவிஃபென்ஸ் தடுப்பூசிக்குக் கனடா 2022 பிப்ரவரியில் அனுமதி கொடுத்தது. வணிகக் காரணங்களால் அது நீடிக்கவில்லை. அங்கே செடி மருந்தல்ல, தொழிற்சாலை.

சரி, ஊசி நன்றாக வேலை செய்ய நான் என்னதான் செய்யலாம்?

தூங்குங்கள். ஃப்ளூ ஊசியை ஒட்டிய சில நாட்கள் இரவில் நான்கு மணி நேரமே தூங்க விடப்பட்ட இளைஞர்களிடம், பத்து நாள் கழித்து ஆன்டிபாடி அளவு நன்றாகத் தூங்கியவர்களில் பாதிக்கும் குறைவாக இருந்தது என்று 2002இல் வந்த ஒரு சிறிய ஆய்வு காட்டியது. புகைபிடித்தல், நீண்ட நாள் புரதக் குறைபாடு, கட்டுக்குள் வராத சர்க்கரை ஆகியவையும் எதிர்வினையைத் தளர்த்தும். இரண்டாம் டோஸைத் தவறவிடாமல் போட்டுக்கொள்ளுங்கள். எதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை எடுக்கும் முடக்குவாத நோயாளிகள் ஃப்ளூ ஊசிக்குப் பிறகு இரண்டு வாரம் அதை நிறுத்தி வைத்தால் எதிர்வினை கூடுகிறது என்பது சோதித்து அறிந்த விஷயம். ஆனால் அதை மருத்துவர் சொல்லித்தான் செய்ய வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது.

ஏற்கெனவே ஏதாவது மூலிகை எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். புதிதாக ஒன்றைத் தொடங்குவதாக இருந்தால் ஊசி போட்டு இரண்டு, மூன்று வாரம் போகட்டும் என்பது என் கருத்து. அதற்கு இன்னொரு வசதியும் உண்டு: ஊசிக்குப் பிறகு தோலில் தடிப்போ காய்ச்சலோ வந்தால், எதனால் வந்தது என்ற குழப்பம் இருக்காது.

நான் எடுக்கும் மூலிகையைப் பற்றி டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரே?

திட்டினாலும் சொல்லுங்கள். தயங்கிச் சொல்லாமல் விடுவதால் காரணம் தெரியாத மஞ்சள் காமாலைக்குப் பரிசோதனை மேல் பரிசோதனை எழுதப்படுகிறது. ‘ஏதோ ஒரு சூரணம்’ என்று சொல்வதில் பயனில்லை. பாட்டிலையோ பொட்டலத்தையோ கையோடு கொண்டுபோங்கள், இல்லையென்றால் லேபிளைப் படம் எடுத்துக் காட்டுங்கள். செடியின் பெயர், எந்தப் பகுதி, ஒரு நாளைக்கு எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து, கூட வேறென்ன மருந்து. எதிர்ப்பை அடக்கும் மருந்தோ ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தோ எடுக்கிறீர்கள் என்றால் அதை முதலில் சொல்லிவிடுங்கள்.